பாதி உப்பு

இன்ஷிராஹ் அப்லாவைப் பற்றி இப்போது எங்கள் கட்டடத்தில் யாரிடம் கேட்டாலும் "பாவம்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம் என்று சொல்லிவிட்டால் போதும், அவரவர் அடுப்பைப் பார்க்கப் போய்விடலாம். இருபத்துநாலு வருடமாக அவளுக்கு எதிர்க் கதவில் குடியிருப்பவள் நான், கவ்கப். அவள் செய்ததும் எனக்குத் தெரியும், அவளுக்குச் செய்யப்பட்டதும் தெரியும். அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்று பையின் வாயைப் பிடித்துக் கொடுத்தவளும் நான்தான்.

நைல் கரையில் எங்கள் ஊர் மன்ஸூராவில் பெண்கள் நடுநிலைப் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடம் மனையியல் சொல்லிக் கொடுத்தவள் அவள். டீச்சரை நாங்கள் அப்லா என்போம். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. கறிக்கடைக்காரனுக்கும் அவள் அப்லாதான், எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்கும் அப்லாதான். தல்காவில் உரத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கணவர், ஒரே மகன் ஹாஸெம் கல்லூரி முடிப்பதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பதாம் நாள் வந்தவர்களுக்குப் பரிமாறிய சோறு குழைந்துவிட்டது என்று சமையல்காரனை வாசலில் நிற்க வைத்துத் திட்டினாள். அவள் அழுது பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஹாஸெம் கணக்குப் படித்து குவைத்துக்குப் போனான். அங்கேயே வேலை, அங்கேயே குடும்பம். மனைவி ரீஹாம் அலெக்ஸாந்திரியாக்காரி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பத்து நாள் வருவார்கள். அதில் ஏழு நாள் கடற்கரைப் பக்கம் அவள் அம்மா வீட்டில் கழியும். மீதி மூன்று நாளில் இன்ஷிராஹ் அப்லா முப்பது நாள் சமையலைச் சமைத்துப் போடுவாள். அவன் திரும்பிப் போகும்போது பெட்டியில் பாதி அவள் சாப்பாடாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் எந்த அம்மாதான் வளைகுடாவுக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் துணியை மட்டும் வைத்து மூடியிருக்கிறாள்?

ஒரு தடவை வாத்துக் கறியின் எண்ணெய் கசிந்து ரீஹாமின் புது கவுன் முழுக்க இறங்கிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு ஹாஸெம் வந்தபோது வாக்யூம் மெஷின் ஒன்றை வாங்கி வந்தான். பைக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி, வாயை உருக்கி ஒட்டுகிற சின்ன மெஷின். "இனிமே கசியாது உம்மா," என்றான். மகன் தன் சமையலுக்கு மரியாதை செய்துவிட்டான் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அது மருமகளின் துணிக்குச் செய்த மரியாதை என்பது எனக்கு அன்றே தெரியும். சொல்லித்தொலைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் எங்கள் கட்டடத்தில் அவள் ராஜ்ஜியம்தான். விமானம் ஏறுகிறவன் எவன் வீட்டிலிருந்தாலும் பாத்திரத்தோடு அவள் கதவைத் தட்டுவார்கள். சும்மா ஒட்டித் தரமாட்டாள். பாடம் நடத்திவிட்டுத்தான் ஒட்டுவாள்.

"இதென்ன, கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்திருக்க? ஆவியோட ஒட்டினா உள்ள தண்ணி விடும். போய் ஆற வச்சு, ஃப்ரீசர்ல கல்லாக்கி எடுத்துட்டு வா."

"அப்லா, சாயங்காலம் ஃப்ளைட்டு..."

"அப்ப ஃப்ளைட்டுக்காரன்கிட்டயே ஒட்டிக் குடுக்கச் சொல்லு."

வெண்டைக்காயை வெந்நீரில் போட்டு எடுத்தாயா, முலூக்கியா கீரையில் ஈரம் இல்லையே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாயா என்று ஒவ்வொருத்தியையும் குடைவாள். ஒவ்வொரு பையிலும் என்ன பண்டம், எந்தத் தேதி, எங்கே வைக்க வேண்டும் என்று அழியாத மையில் எழுதுவாள். மூன்றாம் மாடி ஸமீஹா ஒரு நாள், "காத்துதான் போயிடுச்சே அப்லா, அலமாரியிலயே வைக்கலாமே," என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான்.

"காத்து போனா காத்து வேணும்கிற கிருமிதான் சாகும். காத்தே வேண்டாங்கிற கிருமி ஒண்ணு இருக்கு. அதுக்கு நீ மாளிகை கட்டிக் குடுக்குற. பைய ஒட்டினாலும் ஃப்ரிட்ஜு ஃப்ரிட்ஜுதான். பை உப்பிச்சுன்னா மோந்துகூடப் பாக்காத, தூக்கிக் குப்பையில போடு. முப்பத்தொரு வருஷமா தகர டப்பாவ வச்சுக்கிட்டு இதைத்தான் கத்தினேன். ஒருத்தி மண்டையிலயும் ஏறல."

என் மண்டையில் ஏறியது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வருடத்துக்கு நாலைந்து பார்சல் குவைத்துக்குப் போகும். பெரும்பாலும் என் தம்பி ஃபிக்ரிதான் சுமப்பான். அங்கே ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான். பார்சல் போய்ச் சேர்ந்த மறுநாள் அப்லா மகனுக்குப் போன் செய்வாள். காது கொஞ்சம் மந்தமானதால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள், படிக்கட்டு வரைக்கும் கேட்கும்.

"வந்துச்சா?"

"வந்துச்சு உம்மா. ரொம்ப நல்லா இருந்துச்சு."

"புறாவுக்குள்ள கோதுமை வெந்திருந்துச்சா?"

"வெந்திருந்துச்சு உம்மா."

"மிளகு?"

"மிளகும் நல்லா இருந்துச்சு."

ஒன்பது வருடமும் இதே பேச்சுதான். எதைக் கேட்டாலும் நன்றாக இருந்தது. ஒரு தடவையாவது, இந்த முறை கொஞ்சம் காரம் என்று அவன் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவளோ போனை வைத்துவிட்டு அடுத்த பார்சலுக்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவாள்.

போன குளிர்காலத்தில் அவன் ஒரு நாள் சொன்னான், "உம்மா, பிரஷர் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உப்பே ஆகாதாம். இந்த வசந்தப் பண்டிகைக்கு ஃபஸீக் அனுப்ப வேண்டாம்."

பண்டிகைத் திங்கட்கிழமையில் பச்சை வெங்காயமும் ஃபஸீகும் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. மடவை மீனை லேசாக உப்பவிட்டு, செவுளில் உப்பைத் திணித்து, உப்புக்குள்ளேயே புதைத்து, வாரக்கணக்கில் ஊறவைத்து, வேகவைக்காமல் எலுமிச்சம்பழம் பிழிந்து தின்பது. நாறும். அந்த நாற்றத்துக்குத்தான் நாங்கள் ஒரு வருடம் காத்திருப்போம். வேண்டாம் என்று மகன் சொன்னதை அவள் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஆசை இருக்கிறது, உப்புத்தான் தடை என்று எடுத்துக்கொண்டாள்.

கடைவீதியில் ஆறு மடவை பொறுக்கி வாங்கினாள். மேசையில் வரிசையாகப் போட்டு, வழக்கமாக வைக்கிற உப்பில் பாதியை அளந்து வைத்தாள். எப்போதும் ஊறவைக்கிற பீப்பாயை எடுக்கவில்லை. ஒவ்வொரு மீனாகப் பையில் போட்டுக் காற்றை எடுத்து ஒட்டினாள்.

"அப்லா, உப்பு கம்மியா இருக்கே," என்றேன்.

"அவனுக்காகத்தான்டி. பிரஷர்."

"உப்புதானே மீனக் காப்பாத்துது?"

"உப்பு செய்யுற வேலைய மெஷின் செய்யும். பீப்பாய்ல காத்து இருக்கும், அதுக்குத்தான் அவ்வளவு உப்பு. இதுல காத்தே இல்லையே."

ஸமீஹாவுக்கு எடுத்த பாடம் எங்கே போயிற்று? கேட்டேனா? கேட்கவில்லை. அப்லா சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால், கேட்டிருந்தால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள், காலைக் காப்பிக்கு எனக்குத் துணை இருந்திருக்காது. அதோடு, ஃபஸீகை யாரும் ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அது அலமாரியிலோ மூலையிலோதான் இருக்கும். முழு உப்பு இருந்த காலத்துப் பழக்கம் அது. உப்பைப் பாதியாக்கியவள் பழக்கத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டாள். ஆறு பைகளும் சமையலறை அலமாரியில் பதினெட்டு நாள் கிடந்தன.

ஃபிக்ரி விடுமுறை முடிந்து கிளம்புவதற்கு முந்தின நாள், புதன்கிழமை பிற்பகலில், பார்சல் கட்ட என்னைக் கூப்பிட்டாள். ஆறில் இரண்டு பைகள் மீனோடு ஒட்டியிருக்கவில்லை. விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கித் திரும்பி வந்தது.

"இது உப்பியிருக்கு அப்லா."

"உப்பல. ஒட்டின இடம் சரியில்ல, காத்து புகுந்திருக்கு."

"வாசம்..."

"ஃபஸீக் நாறாம அத்தரா மணக்கும்?" என்று எரிந்து விழுந்தாள். "புடி இதை."

கத்தரியால் இரண்டு பைகளையும் வெட்டினாள். புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. என் முகத்தைப் பார்க்காமல் மீன்களை எலுமிச்சம்பழத்தால் துடைத்தாள், புதுப் பைக்குள் நுழைத்தாள். நான் பையின் வாயை விரித்துப் பிடித்தேன், அவள் மெஷினை அழுத்தினாள். பை மீனோடு ஒட்டி இறுகியது. தட்டிப் பார்த்து, "பாத்தியா, கல்லு மாதிரி இருக்கு," என்றாள். அந்த இரண்டோடு இன்னும் இரண்டைச் சேர்த்து நாலை ஹாஸெமுக்கு வைத்தாள். ஒவ்வொன்றின் மேலும் "உப்பு குறைவு, ஹாஸெமுக்கு" என்று எழுதினாள். மீதி இரண்டு எங்களுக்கு என்று அலமாரிக்குத் திரும்பின.

ஃபிக்ரி வெள்ளிக்கிழமை பார்சலைச் சேர்த்துவிட்டான். "வந்துச்சு உம்மா," என்றான் ஹாஸெம்.

பண்டிகைத் திங்கட்கிழமை காலையிலேயே குடும்பங்களெல்லாம் பாயும் கூடையுமாக நைல் கரைக்குப் போயிருந்தன. நாங்கள் இரண்டு பேரும் மதியம் அவள் வீட்டிலேயே சாப்பிடலாம் என்று வெங்காயத்தை நறுக்கி, முட்டையை உரித்து வைத்தோம். அப்லா அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். எட்டிப் பார்த்தேன். இரண்டு பைகளும் தலையணை போல ஊதிக் கிடந்தன. அவை கத்தரி படாத பைகள். ஒட்டின இடம் சரியில்லை என்று இப்போது சொல்ல முடியாது.

மகனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஏழு தடவை. கடைசியில் குரல் செய்தி அனுப்பினாள், "ஹாஸெம், மீனத் தொடாத. ஒருத்தரும் தொடாதீங்க. அப்படியே தூக்கிப் போடு. உடனே பதில் சொல்லு." சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதில் வந்தது: சாப்பிடல உம்மா, கவலைப்படாதீங்க. அப்லா அந்த வரியை என்னிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு ஊதிய பைகளை மூன்று பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள், அலமாரியைக் கழுவினாள், முட்டையும் வெங்காயமும் சாப்பிட்டாள். "தப்பிச்சோம்டி," என்றாள்.

புதன்கிழமை மதியம் அவனே கூப்பிட்டான். அவன் தானாகக் கூப்பிடுவது பெருநாளுக்கு மட்டும்தான். ஸ்பீக்கரில் எனக்கும் எல்லாம் கேட்டது.

"உம்மா, அந்த மீன்ல என்ன ஆச்சு?"

"ஏன்? நீ சாப்பிட்டியா?"

"நான் சாப்பிடல."

"ரீஹாம்? புள்ளைங்க?"

"யாரும் சாப்பிடல உம்மா. கீழ காவல்காரர் இருக்காரு, பகீத்னு, நம்ம நாட்டு ஆளுதான், ஸோஹாக் பக்கம். அவருக்குக் குடுத்துட்டோம். நீங்க சொன்னப்புறம் கீழ போய்க் கேட்டேன், மத்தியானமே சாப்பிட்டாச்சுன்னாரு. நல்லாத்தான் இருந்தாரு, அதனால ஒண்ணும் சொல்லல. நேத்து ராத்திரி எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னாரு. இன்னைக்கு இமை தொங்கிடுச்சு, தண்ணி முழுங்க முடியல. ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போயிட்டாங்க. பக்கவாதம்னு நினைக்கிறாங்க."

அப்லா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். முதலில் கேட்க வேண்டியதை அவள் முதலில் கேட்கவில்லை. அவள் கேட்டது இது:

"இந்தத் தடவை மட்டும்தான் குடுத்தியா?"

அங்கே ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஹாஸெம். இந்தத் தடவை மட்டுமா?"

"புள்ளைங்களுக்கு அந்தச் சாப்பாடு பிடிக்கல உம்மா. ரீஹாமுக்கு வாசம் ஆகாது. தூக்கிப் போட மனசு வரல. அந்த மனுஷன் ஆசையா சாப்பிடுவாரு. உங்களுக்குச் சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான்..."

ஒன்பது வருடம். எத்தனை வாத்து, எத்தனை புறா, எத்தனை கிலோ முட்டைக்கோஸ் இலையை வலிக்கிற விரலால் சுருட்டி அடுக்கினாள்! அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடமிருந்து பழைய டீச்சர் குரல் வந்தது.

"அது பக்கவாதம் இல்ல. போய் டாக்டர்கிட்ட சொல்லு, ஃபஸீக் சாப்பிட்டாருன்னு. விஷம் ஏறியிருக்கு. அதுக்கு மருந்து இருக்கு. சீக்கிரம் குடுத்தாத்தான் வேலை செய்யும். மூச்சு நின்னுடும் ஹாஸெம்."

"யார் குடுத்ததுன்னு கேப்பாங்க உம்மா. போலீஸ் வரும். நான் இங்க தங்குற அனுமதிய ரத்து பண்ணிடுவாங்க. ரெண்டு புள்ளைங்க இங்க படிக்குது. டாக்டருங்களே கண்டுபிடிப்பாங்க, அவங்களுக்குத் தெரியாததா? நீங்க யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க. என் புள்ளைங்க மேல சத்தியமா சொல்லுங்க."

"சரி," என்றாள் அப்லா.

அந்தச் சரியை நான் மன்னிக்கவில்லை. அவளும் தன்னை மன்னிக்கச் சொல்லி யாரிடமும் கேட்டதில்லை.

போன் வைத்ததும் நான் கத்தினேன். "என்ன சரி? ஒரு ஆளு செத்துக்கிட்டு இருக்கான், என்ன சரி?"

"என் புள்ளடி," என்றாள். "என் ஒரே புள்ள."

"அந்த ஆளும் ஒருத்தி பெத்த புள்ளதானே?"

"அப்ப உன் தம்பிகிட்ட சொல்லு. அவன் போய்ச் சொல்லட்டும். அவன்தானே தூக்கிட்டுப் போனான்?"

ஃபிக்ரியைக் கூப்பிட என் கையிலும் போன் இருந்தது. விமானத்தில் மீனைக் கொண்டுபோனவன் அவன், முதலில் மாட்டுகிறவனும் அவன்தான். என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவள் மகனுக்காக வாயை மூடினாள், நான் தம்பிக்காக மூடினேன். ஊருக்கு அவள் கதை மட்டும்தான் தெரியும். புதன்கிழமை மதியத்திலிருந்து மறுநாள் காலை வரை இரண்டு கதவுகளும் மூடியே கிடந்தன. அங்கே ஒரு மனிதனின் மார்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினாள். வெளியே போகிற உடுப்பு, முக்காடு, கையில் பை. காவல் நிலையத்துக்குப் போகிறாளோ என்று நினைத்தேன்.

"ஃபிக்ரியக் கூப்பிடு," என்றாள். "இப்பத்தான் ஹாஸெம்கிட்ட பேசினேன். அந்த ஆளுக்கு எத்தனை புள்ளைங்கன்னு கேட்டேன். தெரியலங்குறான். ஒன்பது வருஷமா தினமும் அவனுக்குக் கதவு திறந்துவிடுற ஆளு. தெரியலங்குறான் கவ்கப்."

கூப்பிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் ஃபிக்ரி அழுதே விட்டான். "அக்கா, சுமந்துட்டு வந்தது நான். என்னத்தான் முதல்ல புடிச்சு உள்ள வைப்பாங்க. எனக்கு யாரு இருக்கா இங்க?"

அப்லா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"ஃபிக்ரி, காகிதம் எடு. நான் சொல்றத எழுதிக்கோ. மடவை மீன். வழக்கமான உப்புல பாதி. காத்து எடுத்து ஒட்டின பை. பதினெட்டு நாள் ஃப்ரிட்ஜுக்கு வெளிய இருந்துச்சு. உப்பின பையப் பிரிச்சு மறுபடி ஒட்டினேன். வீட்ல மீதி இருந்ததும் உப்பிடுச்சு. கீழ எம் பேரு எழுது, முழுப் பேரு. விலாசம் எழுது. உனக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுன்னும் எழுது. எழுதிட்டியா? வாசிச்சுக் காட்டு."

அவன் வாசித்தான். அவள் ஒரு பிழையைத் திருத்தினாள். ஃபிக்ரி அந்தக் காகிதத்தோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். என் தம்பியைக் கோழை என்று என் கணவர் அடிக்கடி கேலி செய்வார். அன்றைக்குப் பிறகு செய்வதில்லை.

மருந்து கொடுத்தார்கள். அதற்குள் பகீத்துக்கு மெஷின் வைத்துத்தான் மூச்சு. மருந்து இனிமேல் ஏறுகிற விஷத்தைத்தான் தடுக்குமாம், ஏற்கெனவே முடங்கின நரம்பை மீட்காதாம். முந்தின நாள் மதியமே தெரிந்திருந்தால் மெஷின் வரைக்கும் போயிருக்காது என்று டாக்டர் ஃபிக்ரியிடம் சொல்லியிருக்கிறார். அவன் எங்கள் இரண்டு பேருக்கும் ஸ்பீக்கரில் அப்படியே ஒப்பித்தான். பாவி, கொஞ்சம் மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

நாற்பத்தேழு நாள் மெஷினில் கிடந்து பகீத் பிழைத்தார். ஆனால் விரல்களில் பலம் வரவில்லை, பேச்சு மூக்கால்தான் வந்தது. அதற்குள் கட்டடக்காரர் வேறு காவல்காரரை வைத்துவிட்டார். ஒரு பெட்டியோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஃபிக்ரியை ஒரு நாள் முழுக்க விசாரித்து விட்டுவிட்டார்கள். ஹாஸெமை இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. அனுமதியும் போகவில்லை, வேலையும் போகவில்லை, பிள்ளைகளின் படிப்பும் போகவில்லை. எதற்காக ஒரு மனிதனை ஒரு பிற்பகலும் ஒரு இரவும் சாகவிட்டோமோ, அது வெறும் பயம்.

ஹாஸெம் அம்மாவுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினான்: ஒரு வாட்ச்மேனுக்காகப் பெத்த புள்ளையக் காட்டிக் குடுத்துட்டீங்க. அதற்குப் பிறகு போன் இல்லை. பெருநாளுக்கும் இல்லை.

எங்கள் கட்டடத்தின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் யாரும் அப்லாவின் கதவைத் தட்டவில்லை. மூன்றாவது வாரம் ஸமீஹா வெண்டைக்காயோடு வந்தாள், அப்லாவின் முகத்தைப் பார்க்காமல், "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், மெஷின மட்டும் குடுங்க," என்றாள். அப்லா மெஷினையும் மிச்சப் பைகளையும் அவள் கையில் கொடுத்தாள். வெந்நீரில் போட்டாயா என்று கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். போடவில்லை என்றாள்.

அக்டோபரில் ஒரு நாள் காலை நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல ஸ்பீக்கர்.

"ஹாஜ்ஜா இன்ஷிராஹா? நான் பகீத். ஃபிக்ரிகிட்ட நம்பர் வாங்கினேன்." ஒவ்வொரு சொல்லும் மூக்கில் இடித்துக்கொண்டு வந்தது.

அப்லா எழுந்து நின்றாள், அந்த மனிதர் நேரே வந்து நிற்பதைப் போல. "சொல்லுங்க."

"நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன் ஹாஜ்ஜா. பேச்சு இப்பத்தான் கொஞ்சம் வருது. ஒன்பது வருஷம் எனக்குச் சமைச்சு அனுப்பினீங்க. ஹாஸெம் ஐயா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாரு, 'எங்க உம்மா உங்களுக்குன்னு குடுத்தனுப்பியிருக்காங்க'ன்னு. பை மேல அவர் பேரு இருக்கேம்பேன். அது ஏர்போர்ட்டுக்காகன்னு சொல்லுவாரு. அந்தக் கட்டடத்துல நாப்பது வீடு. என்னை ஒரு ஆளா நினைச்சு எவனும் ஒரு ரொட்டி குடுத்ததில்ல. எங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லுவேன், மன்ஸூரால எனக்கு இன்னொரு உம்மா இருக்காங்கன்னு. மீன் கெட்டுப்போனது விதி. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. அதைச் சொல்லத்தான்."

நான் அப்லாவின் கையைப் பிடித்தேன். விடு, அப்படியே இருக்கட்டும் என்று தலையை ஆட்டினேன். அந்த மனிதனுக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான், அவளுக்கும் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அவள் கையை உதறினாள்.

"விதி இல்ல பகீத். பை உப்பியிருந்துச்சு. எனக்குத் தெரியும். பிரிச்சு, துடைச்சு, மறுபடி ஒட்டி அனுப்பினேன்."

"வயசானவங்க. கவனிச்சிருக்க மாட்டீங்க."

"கவனிச்சேன். உங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சும் ஒரு நாள் வாய மூடிட்டு இருந்தேன்." போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். "அதை நான் உங்களுக்கு அனுப்பல. என் மகனுக்கு அனுப்பினேன்."

"இந்த மீனா?"

"எல்லாமே."

"ரமலானுக்கு வந்ததெல்லாம்?"

"அதுவும் அவனுக்குத்தான். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்குத்தான் உங்க பேரே எனக்குத் தெரிஞ்சுச்சு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் இழுத்து இழுத்துக் கேட்டது. எங்கோ ஒரு கழுதை கத்தியது. யாரோ ஒரு பெண், யார் போனில் என்று கேட்டாள்.

"மீனப் பத்திச் சொன்னது சரி ஹாஜ்ஜா," என்றார் கடைசியில். "இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

போனை வைத்துவிட்டார்.